கத்தரிக்கோலின் உட்புறம்



தலைநகரிலும், மும்பையிலும், கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் அடுக்களைகளில் வெட்டுக் கருவிகள் இரண்டு அருகருகே இருக்கக் காணலாம். ஒன்று, ஊரிலிருந்து ரயிலேறி வந்த அரிவாள்மணை. மற்றொன்று, வந்த இடத்திலே வாங்கிய கத்தரிக்கோல். அரிவாள்மணைக்கு நம் இல்லங்களில் தனி மரியாதை உண்டு. அதைத் தாண்டக்கூடாது, குழந்தைகள் தொடக்கூடாது, வேலை முடிந்ததும் துடைத்துச் சுவரோரம் சாய்க்க வேண்டும். கத்தரிக்கோலுக்கு இத்தகைய சடங்குகள் எவையும் இல்லை. பால் உறையின் முனையை நறுக்கவும், கறிவேப்பிலைக் காம்பைக் கத்தரிக்கவும், அப்பளக் கட்டின் நூலை அறுக்கவும் அது வேண்டும். மழுங்கிவிட்டால் அதைக் குப்பையில் எறிந்துவிட்டு வேறொன்று வாங்கிக் கொள்கிறோம். இவ்வாறு எறியப்பட இருந்த ஒரு பழைய கத்தரிக்கோலைப் பற்றியும், அதைப் பிரித்துப் பார்த்ததன் பயனாக நான் அறிய நேர்ந்த சரித்திரத்தைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

அது என் பெரியப்பா விட்டுச்சென்ற பொருள். அவர் தில்லியில் கணக்குத் துறை ஒன்றில் பணியாற்றி, கரோல்பாகில் நெடுங்காலம் குடியிருந்தவர். ஓய்வு பெற்றுக் கும்பகோணத்துக்குத் திரும்பிய பின், மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நான் தில்லி வந்து சேர்ந்தபோது, பரணில் இருந்து எடுத்து என்னிடம் கொடுத்த பாத்திரங்களுடன் இதுவும் வந்தது. எட்டு அங்குல நீளம், எஃகு அலகுகள், பித்தளைக் கைப்பிடி. "1971இல் மீரட்டில் வாங்கினேன், பத்திரம்" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. பத்திரமாக நான் வைத்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சென்ற ஆண்டு அது கறிவேப்பிலையைக் கூடக் கத்தரிக்காமல் மடித்துக் கசக்கத் தொடங்கிற்று. புதியது வாங்கிவிடலாம் என்றார் இல்லத்தரசி. நானோ, வாரந்தோறும் எங்கள் குடியிருப்பு வழியாக மிதிவண்டியில் சக்கரம் பொருத்திக்கொண்டு, "தார் லக்வாலோ" என்று கூவி வரும் சாணைக்காரரிடம் அதைக் கொடுத்தேன். 'தார்' என்றால் இந்தியில் கூர்மை. தீட்டும் கல்லுக்கு அம்மொழியில் 'சான்' என்று பெயர். நம் 'சாணை'யும் அதுவும் வடமொழியின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. கத்தரி என்ற நம் சொல்லும் 'கர்த்தரி' என்னும் வடசொல்லின் வழிவந்ததே. சித்திரை வைகாசியில் நம்மை வாட்டும் கத்தரி வெயிலுக்கும் அதுதான் மூலம். ஆனால் இந்திக்காரர் கத்தரிக்கோலைக் 'கைஞ்சி' என்பர். அது துருக்கிய மொழியின் கொடை. மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்டவனுக்குத் தெருவில் நின்றாலும் இந்தப் புத்தி போகாது. நான் சொற்களை எண்ணிக்கொண்டு நின்ற ஐந்து நிமிடத்தில், சாணைக்காரர் இரண்டு அலகுகளின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்த்துக் கொடுத்துவிட்டார். விரலை வைத்தால் கூர் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு துணியில் வைத்தேன். துணி இரு அலகுகளுக்கும் இடையே மடிந்து புகுந்துகொண்டதே தவிர, ஓர் இழையும் அறுபடவில்லை.

கூர்மை இருக்கிறது, வெட்டு இல்லை. இது எப்படி? அன்றிரவு உணவு மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்து, திருகாணியைக் கழற்றி, கத்தரிக்கோலை இரண்டாகப் பிரித்தேன்.

கத்தரிக்கோல் என்பது இரண்டு கத்திகளை ஓர் ஆணியில் கோத்தது என்றுதான் நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணம் தவறு. கத்தி தன் கூர்மையால் மட்டுமே வெட்டுகிறது. கத்தரிக்கோல் வெட்டுவதோ, இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று தொடும் ஒரே ஒரு புள்ளியில். விரல்களை மூட மூட, அந்தப் புள்ளி ஆணியின் அருகிலிருந்து புறப்பட்டு முனை வரையில் நகர்ந்து செல்கிறது. இந்தப் பயணம் தடைப்படாமல் நடக்க வேண்டுமானால், அலகுகள் தட்டையாக இருக்கலாகாது. ஒவ்வோர் அலகின் உட்புறமும் நீளவாக்கில் மெல்லிய வாய்க்கால்போல் குழிந்திருக்க வேண்டும். அலகு முழுவதும், வில்லின் நாண் ஏற்றிய கழிபோல், மிகச் சிறிதளவு வளைந்தும் இருக்க வேண்டும். நல்ல கத்தரிக்கோலை மூடி, விளக்குக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், நடுவே மயிரிழை போன்ற வெளிச்சம் தெரியும். ஆணிக்குப் பின்னால், கைப்பிடியின் பக்கம், பிறை வடிவில் சற்றே மேடான இடம் ஒன்று ஒவ்வோர் அலகிலும் உண்டு. மூடும்போது அவ்விரு மேடுகளும் ஒன்றையொன்று உந்துவதால்தான் முன்புறத்தில் அலகுகள் நெருங்கி உரசுகின்றன.

சாணைக்காரர் கத்தியைத் தீட்டுவதுபோலவே தீட்டியிருந்தார். குழிவு தட்டையாகிவிட்டது, கூடவே தொடுபுள்ளியும் போய்விட்டது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. நாள் முழுதும் கத்தியே தீட்டுபவரிடம் வேறொரு கருவியை நீட்டி, அதன் இயல்பை அறியாமல் வேடிக்கை பார்த்து நின்றவன் நான்.

இந்த உட்புறக் கணக்கு மனிதனுக்கு ஒரே நாளில் கைவந்ததன்று. மேற்காசியாவிலும் எகிப்திலும் பழங்காலத்தில் இருந்த கத்தரிகளில் ஆணியே இல்லை. ஒரே உலோகத் தகட்டை நடுவில் வளைத்து, இரு நுனிகளையும் அலகாக்கினார்கள். வளைவு வில்லாக நின்று திறந்துகொடுத்தது. ஆட்டு மயிர் கத்தரிப்போர் இவ்வகையை இன்றும் கையாள்கின்றனர். இரண்டு தனி அலகுகளைக் குறுக்கே வைத்து நடுவில் ஆணி அடிக்கும் முறை ரோமர் காலத்தில், ஏறத்தாழ கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டையொட்டித் தோன்றியது. நம் இலக்கியத்திலும் இக்கருவிக்கு ஓர் இடம் உண்டு. கரிகாற் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையில், முடத்தாமக்கண்ணியார் பாடினியின் காதை வருணிக்கையில், மயிர் கத்தரிக்கும் கருவியின் அழகிய கைப்பிடி முனையை உவமையாகச் சொல்கிறார். குழை ஊசலாடும் காதுக்குக் கத்தரிக்கோலின் வளையம்! நாவிதர் கையில் அதை உற்றுப் பார்த்த கண் அது. அலகை விட்டுவிட்டுப் பிடியை எடுத்துக்கொண்டார் புலவர். கருவியின் அழகு பிடியில் என்று அவர் கண்டிருக்க வேண்டும்.

வடிவம் அமைந்த பின்னும் எஃகு அமைய நெடுங்காலம் பிடித்தது. ஓரத்தில் மட்டும் எஃகை ஒட்ட வைத்த இரும்பு அலகுகள்தாம் ஐரோப்பாவில் நெடுநாள் வழங்கின. இங்கிலாந்தில், 1740களில், பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் நல்ல வில்லுக்கு ஏற்ற எஃகைத் தேடி, மண்மூசையில் எஃகை உருக்கி ஒரே சீராக வார்க்கும் முறையைக் கண்டார். அவர் தொழில் நடத்திய ஷெபீல்டு நகரத்தில், ராபர்ட் ஹிஞ்ச்லிப் என்பவர் 1761இல் வார்ப்பு எஃகினால் கத்தரிக்கோல் செய்து விற்றார் என்பது அவ்வூர் வரலாறு. அதன்பின் உலகெங்கும் ஷெபீல்டு முத்திரைக்கு மதிப்பு ஏறிற்று.

மண்மூசை என்றதும் நம்மவருக்கு ஒரு நினைவு எழ வேண்டும். மூடிய மூசையில் இரும்பை வைத்து எஃகாக்கும் கலை தென்னாட்டில் மிகத் தொன்மையானது. அந்த எஃகையே மேனாட்டார் 'ஊட்ஸ்' என்றனர். நம் 'உருக்கு' முதலான திராவிடச் சொற்களோடு அதனைத் தொடர்புபடுத்துவர் அறிஞர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார். கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரும், பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடேயும் சேர்ந்து இதே எஃகை ஆராய்ந்து, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டனர். பாரடே ஒரு கொல்லரின் மகன்.

இதைவிட நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அங்குள்ள கொல்லர்களின் தொழிலைக் கூர்ந்து கவனித்தார். மூசைக்குள் இரும்போடு ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, எருக்கிலை கொண்டு மூடி, மண் பூசி, உலையில் வைத்து ஊதுவதை அவர் எழுதி வைத்திருக்கிறார். வேலையை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அது அவருக்குச் செல்வம் தரவில்லை. தாயகம் திரும்பி, ஷெபீல்டில், எஃகு வார்க்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அம்முறையால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைத்தது; கத்தியும் கத்தரியும் செய்வோருக்கு எஃகின் விலை வெகுவாக இறங்கியது. ஆனால் காப்புரிமையின் வாசகத்தில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, அவருடைய முகவராயிருந்தவரே காசு கொடாமல் அதைக் கையாண்டார். ஹீத் வழக்குமேல் வழக்காக நடத்தி, 1851இல், தீர்ப்பின் முடிவைக் காணாமலே இறந்தார். ஒரு சொல்லின் இடைவெளியில் ஒரு மனிதனுடைய ஆயுள் நழுவிப்போயிற்று. சட்ட வாசகங்களை மொழிபெயர்க்கும் எனக்கு இது வெறும் சரித்திரமாகத் தோன்றவில்லை.

இத்தனையும் நூலகத்தில் அறிந்தேன். கெட்டுப்போன கத்தரிக்கோல் மட்டும் செய்தித்தாளில் இரண்டு துண்டாகவே கிடந்தது. ஒரு சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு, அது பிறந்த ஊருக்கே போனேன். தில்லியிலிருந்து மீரட் எழுபது கிலோமீட்டர் தொலைவுதான்.

மீரட்டின் கத்தரித் தொழிலுக்கு மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட பாரம்பரியம் உண்டு. இங்கே எஃகுக்குச் சுரங்கம் தேட வேண்டுவதில்லை. பழைய வண்டிகளின் வில் பட்டைகள் அலகாகின்றன; ஓட்டைப் பாத்திரங்களும் உடைந்த பித்தளை, அலுமினியப் பண்டங்களும் உருக்கி வார்க்கப்பட்டுக் கைப்பிடியாகின்றன. அலகு அடிப்பவர், பிடி வார்ப்பவர், அராவுபவர், தீட்டுபவர், கோப்பவர் எனப் பல கைகள் மாறித்தான் ஒரு கத்தரிக்கோல் கடைக்கு வருகிறது. 2013இல் 'மீரட் கத்தரிக்கோல்' புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூரில் ஒரு பழமொழி உண்டு: "தாதா லே, போத்தா பர்தே" — பாட்டன் வாங்குவான், பேரன் பயன்படுத்துவான்.

குறுகிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே அமைந்த பட்டறையில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் நீட்டிய இரு துண்டுகளையும் விரலால் கோத்து, ஒருமுறை மூடி, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் தெரியவில்லை. "யாரோ கத்தி என்று நினைத்துவிட்டார்கள், பாபுஜி" என்றார். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் அலகை ஓர் இரும்புக் கட்டையில் வைத்து, சிறு சுத்தியலால், ஊறுகாய்க்கு மாவடு தட்டுவதுபோல் மென்மையாகத் தட்டி, வளைவைக் கொணர்ந்தார். நான்கு தட்டு, தூக்கிப் பார்வை, மறுபடி இரண்டு தட்டு. பிறகு முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, சாணைச் சக்கரத்தின் விளிம்பில் உட்புறத்தை வைத்துக் குழிவை மீட்டார். அதன் பின்னரே வெளிச்சாய்வைத் தீட்டினார். கோத்து, திருகாணியை இறுக்கி, ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டார். அது தானாகக் கீழிறங்கி, பாதி வழியில் நின்றது. கண் எதையோ அளந்துகொண்டிருந்தது. கை அதற்கு உடன்பட்டது. ஷெபீல்டிலும் இவ்வாறு கோத்துச் சரிபார்ப்பவரே தலைமைத் தொழிலாளி. பல்லாண்டுப் பயிற்சி இன்றி அவ்விடத்தில் ஒருவர் அமர முடியாது.

சக்கரத்திலிருந்து தூசி புகைபோல் எழுந்து சந்தை மூடிற்று. அந்தத் தூசிக்கும் சரித்திரம் உண்டு. 1845இல் வெளிவந்த நூலில் பிரெடரிக் எங்கெல்ஸ், ஷெபீல்டு மருத்துவர் நைட் என்பவரின் அறிக்கையை எடுத்தாள்கிறார். நீர் விடாமல் உலர்ந்த கல்லில் தீட்டுவோர் முப்பத்தைந்து வயதைக் கடப்பது அரிது. நீர் விட்டுத் தீட்டுவோர் நாற்பத்தைந்தைக் கடப்பது அரிது. தூசியை இழுக்கும் விசிறிக் கருவி வந்தபோது, தொழிலாளரே சில இடங்களில் அதை உடைத்தனராம். ஆயுள் நீண்டால் தொழிலுக்கு ஆட்கள் பெருகுவர்; கூலி குறையும் என்ற அச்சம்! இதைப் படித்த அன்று நெடுநேரம் என்னால் வேறெதையும் படிக்க இயலவில்லை.

பெரியவரிடம், மகன் இத்தொழிலைக் கற்றுக்கொண்டாரா என்று வினவினேன். இல்லை, மின்சார ரிக்ஷா ஓட்டுகிறார் என்றார். நான் வருத்தம் தெரிவிப்பதாக எண்ணினார் போலும். "நான்தான் வேண்டாம் என்றேன்" என்று சொல்லி, முகத் துணியை அவிழ்த்து உதறிக் காட்டினார். கலை மறைகிறதே என்று தில்லியிலிருந்து ஒருநாள் பயணமாகச் சென்று கவலைப்படுவது எளிது. அந்தத் துணியிலிருந்து உதிர்ந்ததைப் பார்த்த பிறகு, அவர் செய்தது சரியன்று என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. நல்ல விசிறியும் நியாயமான கூலியும் இருந்திருந்தால் அவர் வேறு விதமாகச் சொல்லியிருக்கக் கூடும். பழுது நீக்கியதற்கு அறுபது ரூபாய் கேட்டார். அதே தெருவின் முனையில், நெகிழிப் பிடி போட்ட அயல்நாட்டுக் கத்தரிக்கோல் ஐம்பது ரூபாய்க்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஐம்பது ரூபாய்ச் சரக்கையும் ஒன்று வாங்கி வந்தேன், ஒப்பிட்டுப் பார்க்க. அதில் திருகாணி இல்லை; இருபுறமும் நசுக்கிவிட்ட தறையாணி. தறையாணியும் தேர்ந்த கையில் சுத்தியலால் இறுக்கப்படுவதுண்டு. ஆகவே அதுமட்டுமே குற்றம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இதன் அலகோ மெல்லிய தகடு, உட்புறக் குழிவு இல்லை, வளைவு பெயரளவுக்கு. மறுபடியும் ஒருவர் இதைப் பிரித்துப் பார்ப்பார் என்று செய்தவர் எதிர்பார்க்கவே இல்லை. மாறாக, அடுக்களைக்கென்றே செய்த நல்ல கத்தரிக்கோல்கள் சிலவற்றில், அகல விரித்தால் இரு அலகுகளும் தாமே கழன்றுவரும்படி அமைத்திருக்கிறார்கள். கழுவவும் தீட்டவும் வசதி.

ஷெபீல்டின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1902இல் தொடங்கிய எர்னஸ்ட் ரைட் என்ற நிறுவனம், கையால் கத்தரிக்கோல் செய்யும் மிகச் சிலவற்றுள் ஒன்றாக எஞ்சி நின்றது. அங்கே கோப்பவர் ஒருவரின் வேலையைக் காட்டும் சிறு திரைப்படம் 2014இல் வெளிவந்ததும், உலகின் பல பகுதிகளிலிருந்து ஆர்டர்கள் குவிந்தன. ஆயினும் 2018இல் நிறுவனம் கடனில் மூழ்கிற்று. டச்சுக்காரர் இருவர் வாங்கி அதைத் தொடர்ந்து நடத்தலாயினர். ஆர்டர்களை ஒரு நாளில் குவிக்கலாம். கோப்பவரை ஒரு நாளில் உண்டாக்க முடியாது.

வீட்டிலேயே தீட்ட விரும்பும் நேயர்களுக்குப் பெரியவர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். திருகாணி இருந்தால் மட்டும் கழற்றுங்கள். எந்த அலகு மேலே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடம் மாறினால் வலக்கைக்கு உதவாது. ஓர் அலகில் அரம்போல் நுண்பற்கள் இருந்தால், அதைத் தொடாமல் மற்றதை மட்டும் தீட்டுங்கள். வெளிப்புறத்தில் ஏற்கெனவே உள்ள சாய்வை மாற்றாமல், நீர் தெளித்த கல்லில், ஆணிப் பக்கத்திலிருந்து முனை வரையில் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அது கத்தியின் சாய்வைவிட மிகவும் நிமிர்ந்த சாய்வு. கத்தியென்று எண்ணிப் படுக்கவைத்தால் ஓரம் மெலிந்து நொறுங்கும். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்குப் பின் உட்புற ஓரத்தில் பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். அதை நீக்க, உட்புறத்தை நுண்கல்லில் படுக்கவைத்து, எடை கொடாமல் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, நழுவ விடுங்கள். அதற்குமேல் உட்புறத்தைத் தொட்டால் என் கதைதான். ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். பிறகு ஈர மல்துணியை முனை வரையில் கத்தரித்துப் பாருங்கள். இழை பிசிறாமல் அறுந்தால் வேலை முடிந்தது.

ஒரு செய்தி விட்டுப்போயிற்று. மீரட் பெரியவர் கோப்பதற்கு முன், அலகின் உட்புறத்தில், ஆணித் துளைக்குப் பக்கத்தில், உளியால் சிறு புள்ளி ஒன்று வைத்தார். பழுதுபார்த்ததற்கு அடையாளமாம், அவர் தந்தை காலத்து வழக்கம். அங்கே முன்பே இரண்டு புள்ளிகள் இருந்தன. பிரித்தால் அன்றிக் கண்ணில் படாத இடம். மேசையில் நான் அவற்றைத் துரு என்று எண்ணியிருந்தேன். அன்றிரவு கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் பேசி, எத்தனை முறை அதை மீரட்டுக்குக் கொண்டுபோனீர்கள் என்று பெரியப்பாவைக் கேட்டேன். "ஒரே முறைதான், உன் அக்கா கல்யாணத்துக்கு முந்தி" என்றார். அப்படியானால் மற்றொரு புள்ளி? சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் வாங்கும்போதே அது பழசுதான் அப்பா, புதுசு வாங்க அப்போது என்னிடம் பணம் ஏது?" என்றார்.